வேறொரு கல்யாணத்தில் நான் பேசிய பேச்சு

அன்புள்ள நோலா அக்காவுக்கு,

உன் தம்பி மெர்வின் தலைகுனிந்து எழுதுவது. இங்கே முழங்காலைத் தவிர நான் நலம். அங்கே நீயும் ஆடுகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன். போனில் கூப்பிட்டபோதெல்லாம் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். படித்துவிட்டுக் கிழி.

காரில் வந்து தொலைடா என்று நீ படித்துப் படித்துச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் நிலைமையையும் யோசி. இருபத்திரண்டு வருஷம் விமானப் படையில் மற்றவன் பறப்பதற்காக நட்டு முடுக்கினேன். ஓட்டுகிற இருக்கையில் தூசி துடைக்கத்தான் உட்காரவிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகுதான் பறக்கக் கற்று, நீ 'தள்ளுவண்டி' என்று கேலி செய்கிற இந்தச் சின்ன விமானத்தை வாங்கினேன். கெவின் அத்தான் இல்லாத குறைக்கு, உன் மகள் ஜோலினின் கல்யாண விருந்தில் அப்பா இடத்தில் நின்று நாலு வார்த்தை பேசு என்று நீ என்னைக் கேட்டாயே, அப்படிப்பட்ட நாளில் வானத்திலிருந்து வந்து இறங்கினால் பிள்ளைக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். தப்பா?

உன் ஊர் டாரின்யாவுக்கு வழி எனக்குத் தெரியாததல்ல, தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே வந்தால் போதும். எதிர்க்காற்றில் நேரமாகிவிட்டது, பசி வேறு. சாண்ட்விச்சைக் கடித்தேன், உள்ளே இருந்த பீட்ரூட் துண்டு வழுக்கி நேராக வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அதைத் துடைத்து, கறை தெரியாமலிருக்கப் பதக்கங்களைக் கொஞ்சம் இறக்கிக் குத்தி நிமிர்வதற்குள், தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடம் போயே போய்விட்டது. கீழே ஊர் வந்தது. கோதுமை சேமிக்கிற கோபுரம், பப், கால்பந்து மைதானம், பலூன் கட்டின மண்டபம். மேலே இருந்து பார்த்தால் நம் பக்கத்தில் எந்த ஊர்தான் வேறு மாதிரி இருக்கிறது, நீயே சொல்.

மைதானத்தில் இறக்கிவிட்டு நடந்தால், மண்டபத்து வாசலில் ஜே, டி என்று இரண்டு எழுத்துப் பலூன்கள். ஜோலின், டாமியன், சரியாகத்தானே இருக்கிறது? உள்ளே நுழைந்ததும் பதக்கத்தைப் பார்த்து எல்லாரும் எழுந்து நின்றார்கள். பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்தார்களாம், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் என்று நினைத்தார்களாம். உன்னைக் காணோமே என்று எனக்குத் தோன்றாமலில்லை. சமையலறையில் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பாய் என்று விட்டுவிட்டேன். ஜோலினோ லண்டனுக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம். முக்காடும் முகப்பூச்சுமாக உட்கார்ந்திருந்த பெண்ணை நான் எந்த அடையாளத்தை வைத்துச் சந்தேகப்படுவது?

யாரோ மைக்கைக் கொடுத்தார்கள். பேசினேன். நாலு வயதில் இவள் என் விமானப் படைத் தொப்பியில் கோழியை அடை வைத்ததையும், நான் பார்க்காமல் போட்டுக்கொண்டு அணிவகுப்பில் நின்று முட்டை வழிய சல்யூட் அடித்ததையும் சொன்னேன். அக்கா, மண்டபமே சிரித்தது! மணப்பெண்ணும் கண்ணீர் வரச் சிரித்தாள். அந்த உற்சாகத்தில் குரலைத் தாழ்த்தி, "இவளோட அப்பா இன்னிக்கு நம்மகூட இல்ல. ஆனா மேல இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்காரு"ன்னு சொன்னேன்.

முன்வரிசையில் ஒரு தடித்த மனிதர் எழுந்தார்.

"யோவ், நான் இங்கதானய்யா இருக்கேன்!"

"நீங்க யாரு?"

"பொண்ணோட அப்பன்! நீ யாரு மொதல்ல?"

"ஜோலினோட மாமன். டாரின்யா கல்யாணத்துக்கு வந்திருக்கேன்."

"டாரின்யாவா? இது மிட்டியாங்! என் பொண்ணு பேரு ஜனெல்!"

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. திரும்பப் பறக்கலாமென்றால் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு அடிக்கிறது. கடைசியில் பெண்ணின் அப்பா, ராஸ் என்று பெயர், அவரே சாவியை எடுத்தார். "வாங்க பெரியவரே, செத்தவனே கொண்டுபோய் விடறேன்" என்று தன் மகளின் விருந்தை விட்டுவிட்டு வண்டியை விரட்டினார். வழியெல்லாம் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நான் வந்து சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நீ, "வாங்க ராஜா, காத்தாடி எங்க? மரத்துல மாட்டிக்கிச்சா?" என்று கேட்டுவிட்டுக் கார்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போய்விட்டாய். அதற்கப்புறம் உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஜோலின் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மேடை விளிம்பில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஊர் மாறிப் போய்ப் பேசியதை ஒப்புக்கொண்டதும், "அப்படி என்னதான் பேசுனீங்க மாமா அங்க?" என்றாள். கோழிக் கதையைச் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். "அது நான் இல்ல மாமா. அண்ணன் டேரில்."

அக்கா, அப்போது எனக்கு ஏற்பட்ட வெட்கம் மிட்டியாங்கில்கூட ஏற்படவில்லை. அந்தப் பிள்ளையைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாதா என்று மண்டையைக் குடைந்தேன். ஒன்று வந்தது. அவள் பிறந்த அன்றைக்கு நான் மலேசியாவில், பட்டர்வொர்த் முகாமில் இருந்தேன். அத்தான் அங்கே போன் போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. மனுஷன் அழுகிறார், அழுகிறார், அப்படி அழுகிறார். யாரோ போய்விட்டார்கள் என்று நானும் சேர்ந்து அழுதேன். ரொம்ப நேரம் கழித்துத்தான், "பொண்ணுடா மெர்வ், பொண்ணு"ன்னார்.

"அப்பாவா? அழுதாரா?" என்றாள். "நாங்க யாரும் பார்த்ததே இல்லையே." என் நெஞ்சில் சாய்ந்து அப்படியே இருந்தாள். நிமிர்ந்தபோது கன்னத்தில் பதக்கம் பதிந்திருந்தது. துடைப்பத்தோடு வந்தவர் எங்களைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனார்.

அக்கா, நூறு பேர் முன்னால் சொல்லவேண்டியதை அவளிடம் தனியாகச் சொன்னேன். ஆனாலும் உன் பக்கத்தில் நின்று சொல்லவில்லை, அது என் தப்புதான். ஆகவே விமானத்தை விற்கப்போகிறேன். மிட்டியாங்கிலிருந்து கொண்டுவந்து, கழுவி, விளம்பரமும் கொடுத்தாகிவிட்டது. இனி உன் தம்பியின் கால் தரையை விட்டு எழும்பாது. இது சத்தியம்.

உன் வயலுக்கு வேளையில் மழை பெய்யட்டும், ஆடுகள் இரட்டைக் குட்டி போடட்டும், அடுத்த முறை போன் அடித்தால் உன் வாயிலிருந்து ஒரு திட்டாவது விழட்டும்.

என்றும் உன் தம்பி,
மெர்வின்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஆள் வந்தது. வந்தது உன் மகள். விற்கக் கூடாது, எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று ஒரே பிடிவாதம். இரண்டு சுற்று போய்விட்டு வந்தோம், கை நல்ல கை. அம்மாவிடம் மூச்சு விடாதீர்கள் என்றிருக்கிறாள், ஆகவே இதை நீ படிக்கவில்லை என்று வைத்துக்கொள். சனிக்கிழமை சாப்பாட்டுக்கு வருகிறோம். பின்வயலில் இருக்கிற ஆடுகளை மட்டும் காலையிலேயே ஓட்டிவிடு.