மசாலா ஆலையில் நான் மூடிய வால்வு

இன்ஜினியர் ஒருத்தி மருமகளாக வந்தால், அந்த வீட்டில் ஓடாமல் கிடக்கும் எல்லாமே அவளிடம்தான் வந்து சேரும். எனக்கு முதலில் வந்தது மாமியாரின் மிக்ஸி. அடுத்தது மாமனாரின் சுவர்க்கடிகாரம். மூன்றாவதாக வந்தது தொழிற்சாலை. மிக்ஸியையும் கடிகாரத்தையும் சரிசெய்துவிட்டேன். (கடிகாரத்துக்கு பேட்டரிதான் மாற்றினேன். "என்னமா ரிப்பேர் பண்ணிட்டா" என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.) தொழிற்சாலையின் கதை வேறு.

என் கணவர் பிரகாஷின் குடும்பத்துக்குச் சிங்கப்பூரில் மசாலாத் தூள் வியாபாரம். லிட்டில் இந்தியாவில் கடை, உட்லண்ட்ஸில் ஆலை. ஆலை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அடுக்குமாடித் தொழிற்கூடம் ஒன்றில் ஒரு தளத்தின் பாதி, அவ்வளவுதான். நான் அதற்கு முன் தெம்பனிஸில் கணினிச் சில்லு தயாரிக்கும் ஆலையில் வேலை பார்த்தேன். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் மாமனார் ஒருநாள், வெளியாளுக்கு உழைப்பதை நம் கம்பெனிக்கு உழைக்கலாமே என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. வேலையை விட்டேன். பொங்கோல் வீட்டிலிருந்து தினமும் அவருடைய காரிலேயே உட்லண்ட்ஸுக்குப் போக ஆரம்பித்தேன்.

போன முதல் நாளே என் கவனத்தை இழுத்தது கம்ப்ரசர். அதைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் நான் செய்த காரியத்தின் முழு அழகு தெரியாது.

அறையில் இருக்கும் சாதாரணக் காற்றை இழுத்து, சின்ன இடத்துக்குள் திணிக்கும் இயந்திரம்தான் கம்ப்ரசர். திணிக்கப்பட்ட காற்று வெளியேறத்தான் பார்க்கும். வழி கிடைத்தால் எதிரில் இருப்பதைத் தள்ளிக்கொண்டு வரும். அந்தத் தள்ளலைத்தான் நாம் வேலைக்கு வைத்துக்கொள்கிறோம். காற்றை ஒரு டேங்கில் சேர்த்து, குழாய் வழியாக ஆலை முழுக்க அனுப்பிவிட்டால், வேண்டிய இடத்தில் வேண்டிய வேலையைச் செய்யும். எங்கள் ஆலையில் பாக்கெட்டின் வாயை ஊதித் திறப்பது அதுதான். நிரம்பிய பாக்கெட்டைத் தள்ளி விடுவதும், தூள் ஒட்டிக்கொண்ட தொட்டியைத் தட்டிக் கொட்டவைப்பதும் அதுதான்.

இதையெல்லாம் மின்சார மோட்டாரே செய்யாதா என்று மாமியார் ஒருமுறை கேட்டார். செய்யும். ஆனால் மஞ்சள் தூள், மிளகாய்த் தூள் பறக்கும் இடத்தில் ஒரு சின்னப் பொறி விழுந்தாலும் ஆபத்து. தூள் தீப்பிடிக்கும். காற்றில் பொறி வராது. ஒரு இடத்தில் சிக்கி நின்றுவிட்டாலும் மோட்டார் போலச் சுட்டுக் கருகாது. சிக்கலை எடுத்துவிட்டால் மறுபடி தள்ளும். பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். அதனால்தான் மாவு ஆலை, மருந்துத் தொழிற்சாலை, கார்ப் பட்டறை, பல் மருத்துவரின் நாற்காலி வரைக்கும் இந்தக் காற்று போகிறது. ஒரே குறை, அது விலை உயர்ந்த காற்று. கம்ப்ரசர் சாப்பிடும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெறும் சூடாகப் போய்விடும். மிச்சத்தில் பாதி, குழாய் இணைப்புகளில் ஓட்டை இருந்தால் உஸ்ஸென்று போய்விடும்.

மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவ்வளவு படித்திருக்கிறாயா என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

உண்மை என்னவென்றால், பழைய ஆலையில் இந்தக் காற்று எனக்குச் சுவரிலிருந்து வந்தது. குழாயைச் செருகினால் சுத்தமாக, எலும்புபோல் உலர்ந்து வரும். அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு தனிப் பிரிவே உட்கார்ந்து அதை வடிகட்டி, உலர்த்தி, சோதித்து அனுப்பிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் உட்லண்ட்ஸில், சுவருக்கு இரண்டு பக்கமும் வேலை பார்த்தவள் போலத்தான் நடந்துகொண்டேன்.

முதல் வேலையாக ஓட்டை தேட ஆரம்பித்தேன். வாளியில் சோப்புத் தண்ணீர், கையில் பெயின்ட் பிரஷ். இணைப்புகளில் தடவிக்கொண்டே போவேன். குமிழி வந்தால் ஓட்டை. நிறைய வந்தது. எல்லாவற்றையும் மாற்றி இறுக்கினேன். அப்படியே தேடிக்கொண்டு டேங்க் இருக்கும் மூலைக்கு வந்தபோது, அதன் அடியில் ஒரு சின்னப் பித்தளைப் பெட்டி ஓயாமல் சீறிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால், யாரோ எனக்காகவே வைத்ததுபோல், ஒரு வால்வு. திருப்பி மூடினேன். சத்தம் நின்றது. அமைதி என்றால் அப்படி ஒரு அமைதி.

அந்த மாதம் மின்சாரக் கட்டணம் குறைந்தது. லிட்டில் இந்தியாக் கடைக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும், வாங்க வந்தவர்கள் சிலரிடமும்கூட, மாமனார் அதைச் சொன்னார்.

அந்தப் பித்தளைப் பெட்டி என்ன என்று இப்போது சொல்லிவிடுகிறேன். காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. சிங்கப்பூர்க் காற்றில் கேட்கவே வேண்டாம். அதை அழுத்தித் திணித்து ஆறவிட்டால், உள்ளே இருக்கும் ஈரம் தண்ணீராகிவிடும். ஒரு சின்னக் கம்ப்ரசரே ஒரு நாளில் வாளிக் கணக்கில் தண்ணீர் விடும். அது டேங்கின் அடியில் தேங்கும். அந்தப் பெட்டி அவ்வப்போது தானே திறந்து, தண்ணீரை வெளியே துப்பிவிட்டு மூடிக்கொள்ள வேண்டும். எங்கள் பெட்டி பழையது; மூட முடியாமல் திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது. காற்றையும் விட்டது, கூடவே தண்ணீரையும் விட்டது. நான் இரண்டையும் சேர்த்து அடைத்துவிட்டேன். (இது பாடத்தில் ஒரு பக்கம் இருந்தது. பரீட்சையில் வரவில்லை.)

டேங்க் மெல்ல நிறைந்தது. அது எனக்கு அடையாளம்கூடக் காட்டியது. தண்ணீர் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் காற்றுக்கு இடம் குறைந்து, கம்ப்ரசர் அடிக்கடி ஓடி ஓடி நின்றது. ஆகா, இன்னும் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று முடிவுகட்டி, நான் மறுபடி சோப்பு வாளியோடு கிளம்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் மேடம் லிம் வந்தார். பெரிய பேரங்காடி ஒன்றின் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. அவருக்குப் பிடித்துப்போனால் எங்கள் பாக்கெட்டுகள் தீவு முழுக்க அலமாரிகளில் ஏறும். மாமனார் பல காலமாக முயன்று, கெஞ்சி, ஏற்பாடு செய்த வருகை. அன்று புதுச் சட்டை போட்டிருந்தார். ஆலையைச் சுற்றிக்காட்டும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். இங்கிலீஷில் நன்றாகப் பேசுவேன் என்பது ஒரு காரணம். கட்டணத்தைக் குறைத்தவள் என்பது இன்னொன்று.

மேடம் லிம் அதிகம் பேசாதவர். தலைமுடியை மூடும் வலை, வெள்ளைக் கோட்டு, உள்ளே வெளிர்நிறப் பட்டுச் சட்டை. அன்று மஞ்சள் தூள் ஓடிக்கொண்டிருந்தது. பாக்கெட் இயந்திரத்தின் முன் நின்று, காற்று எப்படிப் பாக்கெட்டின் வாயைத் திறக்கிறது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். இயந்திரத்தை ஓட்டியவர் மகேஸ்வரி அக்கா. மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருபவர். அவர் என் பக்கம் குனிந்து, "பாக்கெட்டு கனமா வருது லா, சுகன்யா. உள்ள என்னமோ ஈரமா இருக்கு," என்றார்.

"ஒண்ணுமில்லக்கா, சென்சர்தான்," என்றேன்.

அந்த இடத்தில் சென்சரே கிடையாது.

அடுத்த பாக்கெட் வாய் திறக்காமல் வந்தது. அதற்கடுத்தது ஒட்டாமல் வந்து, மஞ்சள் களியை இயந்திரத்தின் மேல் கக்கியது. பாக்கெட்டைத் தள்ள வேண்டிய இயந்திரக் கை பாதி வழியில் நின்றது. பின்னால் வந்தவை ஒன்றின் மேல் ஒன்று ஏற, தட்டில் மஞ்சள் தூள் குவிந்தது. மாமனாரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதே நல்லது என்று தோன்றியது. பக்கத்தில் காற்று பீச்சும் துப்பாக்கி தொங்கியது. சுத்தம் செய்ய வைத்திருந்தது. (தூள் இருக்கும் இடத்தில் அதைத் தொடவே கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியவளும் நான்தான்.) அதைக் கையில் எடுத்து, மேடம் லிம்மைப் பார்த்துச் சிரித்து, "டோன்ட் வொரி மேடம், இட்ஸ் ஒன்லி ஏர்," என்று சொல்லிவிட்டு அழுத்தினேன்.

வந்தது காற்று இல்லை. டேங்கில் அத்தனை நாள் துருவோடும் எண்ணெயோடும் ஊறிக்கிடந்த பழுப்புத் தண்ணீர், தட்டில் குவிந்திருந்த மஞ்சளில் முழு வேகத்தோடு அடித்து, அதையும் சேர்த்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனது. எதிர்ப்பக்கத்தில் மேடம் லிம் இருந்தார். அவருக்கு அரையடி பின்னால் மாமனாரின் புதுச் சட்டை இருந்தது.

மகேஸ்வரி அக்கா இயந்திரத்தை நிறுத்தினார். மேடம் லிம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைச் சுற்றி மட்டும் இரண்டு வட்டம் அவருடைய சொந்த நிறத்தில் இருந்தது. என்னைப் பார்த்து மெதுவாக, "ஒன்லி ஏர்?" என்றார்.

சத்தம் கேட்டு அலுவலக அறையிலிருந்து ஓடிவந்த மாமியார்தான் நிலைமையைக் கையில் எடுத்தார். அவர் மேடம் லிம்மின் கையைப் பிடித்துக் கழிவறைக்கு அழைத்துப் போனார். காரில் மாற்றுக்கு வைத்திருந்த தன் ஊதா நிறப் பஞ்சாபி உடையை எடுத்துக் கொடுத்தார். மஞ்சள் கறை சோப்பு போட்டு வெயிலில் காயவைத்தால் போய்விடும் என்று மட்டும் சொன்னாராம். இவர் தமிழில் சொல்ல, அவர் தலையாட்டினாராம்.

நான் அதற்குள் டேங்க் மூலைக்குப் போயிருந்தேன். அங்கே போய் நின்றதும்தான் புரிந்தது. கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, பித்தளைப் பெட்டியைக் கழற்றி, நான் மூடிய வால்வைத் திறந்தேன். தண்ணீர் கொட்டியது, கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது. கதவைத் தாண்டி லிஃப்ட் வரைக்கும் போனது. பக்கத்தில் கேக் டப்பா செய்யும் கம்பெனிக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஊதா உடையில் மேடம் லிம்மும் வந்து, அது நிற்கும்வரை கூடவே நின்றார். பிறகு, இந்தக் காற்று உணவின் மேல் நேராகப் படுகிறதா என்று கேட்டார். படுகிறது என்றேன். பாக்கெட்டின் வாயைத் திறப்பதே அதுதான் என்று சற்றுமுன் நானே விளக்கியிருந்தேன். வேறு எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

அன்று போட்ட பாக்கெட்டுகளை எல்லாம் கொட்டினோம். அதற்கு முந்தைய நாட்களில் போட்டவற்றையும் திருப்பி வாங்கிக் கொட்டினோம். வீட்டுக்குத் திரும்பும்போது மாமனார் விரைவுச்சாலை வரைக்கும் காரை ஓட்டுவதிலேயே கண்ணாக இருந்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது. பழைய ஆலையில் என் இடம் இன்னும் காலியாக இருக்குமா என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மிக்ஸி நல்லாத்தான் ஓடுதும்மா," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து நான் சுவரின் அந்தப் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன். தேங்கும் தண்ணீரைத் துப்பும் புதுப் பெட்டி, பெரிய உலர்த்தும் இயந்திரம், பாக்கெட் இயந்திரத்துக்கு முன்னால் எண்ணெயையும் தூசியையும் பிடிக்கும் நுண் பில்டர்கள் என்று ஒவ்வொன்றாக மாட்டினேன். காற்று பீச்சும் துப்பாக்கியை அறையை விட்டே அனுப்பிவிட்டு, தூளை உறிஞ்சும் இயந்திரம் வாங்கினோம். காற்றை வெளியே ஆய்வுக்கு அனுப்பினோம். ஆய்வில் தேறிய பிறகு, நானே மேடம் லிம்முக்கு போன் செய்தேன். வருவார் என்று நினைக்கவில்லை. வந்தார். தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்தி வந்தார். டேங்கின் அடியில் என்னையே வால்வைத் திறக்கச் சொல்லி, தான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

இன்று எங்கள் மிளகாய்த் தூளும் மல்லித் தூளும் சீரகத் தூளும் அந்தப் பேரங்காடியில் கிடைக்கின்றன. மஞ்சள் தூள் கிடைக்காது. மஞ்சளுக்கு ஏற்கனவே வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று மேடம் லிம் சொன்னார். மாமனார் இன்றுவரை அதை நம்புகிறார்.

நாத்தனார் மகள் பெரியவளானபோது லிட்டில் இந்தியாவில் ஒரு மண்டபத்தில் மஞ்சள் நீராட்டு வைத்தோம். சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அத்தைமார்கள் வரிசையாகத் தண்ணீர் ஊற்றி முடித்து, என் முறை வந்தது. சொம்பைக் கையில் எடுத்தேன். முன்வரிசையில் இருந்த மாமனார் எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கி இரண்டு வரிசை தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். பிறகு மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, நிதானமாகக் கேட்டார்:

"பில்டர் போட்டிருக்கியாம்மா?"

அன்றிலிருந்து வீட்டில் நான் டீ கொடுத்தாலும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள்.