வழித்தடம் என்றால் பஸ்தானே?

என் படிப்பின் மேல் எனக்கு அன்றைக்கு இருந்த மதிப்பை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, காடுகளைக் காப்பாற்றும் ஓர் அமைப்பில் தற்காலிக வேலை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தெற்கு மலைக்காட்டையும் வடக்கு மலைக்காட்டையும் யானைகள் போய்வரும்படி இணைக்க வேண்டும். நம் மாநிலம், கேரளம், மலையடி விவசாயிகள் என எல்லோரும் உட்கார்ந்து ஒரே திட்டம் போட வேண்டும். பெரிய காரியம். அதில் என் பங்கு, கடையத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது.

நோட்டீஸில் 'யானை' என்று போட்டால் ஜனங்கள் மிரண்டுவிடுவார்கள் என்று (என் ராஜதந்திரத்தைப் பாருங்கள்!) அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டேன். 'இவ்வூர் வழியாக வழித்தடம் அமைப்பது பற்றி இரு மாநில அதிகாரிகள் பேசுவார்கள். அனைவரும் வருக.'

அனைவரும் வந்தார்கள். ஊர் முகப்பில் வாழைமரம் கட்டி, மேளத்தோடு நின்றார்கள். எனக்கு மாலை போட்டவள் இசக்கியம்மாள். "மூத்தவள வலியோட மாட்டுவண்டியில ஏத்திட்டுப் போயி, பாதி வழியில பொணமா திருப்பிக் கொண்டாந்தோம் டீச்சர். இப்ப இளையவளுக்கு ஏழு மாசம். நல்ல நேரத்துல வந்தீய" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். (படித்த பெண் என்றால் அந்த ஊரில் டீச்சர்தான்.) யானைக்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசிக்கவில்லை. மாலை அவ்வளவு கனம்.

மலையாள அதிகாரி நெகிழ்ந்துபோனார். தமக்குத் தெரிந்த தமிழில், "இந்த வழித்தடம் உங்கள் ஊருக்குப் பெருமை. சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்றார்.

மளிகைக்கடை அண்ணாச்சி எழுந்தார். "எந்நேரத்துக்கு வரும் சார்?"

"பெரும்பாலும் ராத்திரிதான்."

"கூட்டமா இருக்குமோ?"

"கூட்டமாகத்தான் வரும். குட்டிகளும் இருக்கும்."

"அதுக்கென்ன, மடியில வச்சுக்கிடுதோம். எங்கன நிக்கும்?"

"நிற்காது. ஊருக்குள் நிற்கவே கூடாது. அதற்குத்தானே இந்தத் திட்டம்."

"எக்ஸ்பிரஸ்ஸா வே?" என்று அண்ணாச்சி பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஊர்க்காரர்கள் பஸ் பிடிக்க நாலு மைல் நடக்க வேண்டும். வழித்தடம் என்றால் அவர்களுக்கு பஸ் போகும் வழி. (எம்.எஸ்ஸி. படிக்கும்வரை எனக்கும் அதேதான்.)

பெண்கள் பக்கம் இருந்து இசக்கியம்மாள் எழுந்தாள். அவள் மகள் செல்வி வயிற்றில் கைவைத்தபடி அருகில் உட்கார்ந்திருந்தாள். "பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரி வரைக்கும் போவுமா டீச்சர்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அது… யானை போற வழிம்மா" என்றேன்.

யாரும் அடிக்க வரவில்லை. வந்திருந்தால் தேவலை. மேளக்காரர் மேளத்தை உறையில் போட்டார். "யானைக்கு வழி போட ரெண்டு சர்க்கார் வந்திருக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இசக்கியம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த ஊருக்கு பஸ் கேட்டு நானே மனுப் போட்டேன். பதில் வந்தது: அந்தச் சாலை யானை வழித்தடத்தில் வருவதால் பேருந்து வழித்தடம் தர இயலாது. வரைபடத்தில் அந்த வழித்தடக் கோடு போட்டது எங்கள் அமைப்புதான். ஊருக்கு நேரில் போய்ச் சொன்னேன், வேறென்ன செய்ய?

அடுத்த வாரம் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் இசக்கியம்மாளும் செல்வியும் ஒரு துணிமூட்டையும். "பஸ்ஸு வராதுன்னுட்டிய. பிள்ள பெறுத வரைக்கும் இவ இங்கன இருக்கட்டும்" என்றாள். அப்பா என்னை முறைத்தார். பெரியாஸ்பத்திரி எங்களுக்குப் பின்தெருவில்தான். செல்விக்கு ஆண்பிள்ளை பிறந்தது, இருவரும் சுகம்.

அதோடு விட்டதா? அந்த ஊரில் யாருக்கு மாசம் நெருங்கினாலும் மூட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் 'டிப்போ' என்று பேர் வைத்தார்கள். கதவு தட்டினால் அப்பா, "ஏட்டி, டிப்போவுக்கு வண்டி வந்திருக்கு" என்று குரல் கொடுப்பார். கல்யாண வீடுகளில் அந்தக் கூட்டத்தை ஆரம்பம் முதல் எக்ஸ்பிரஸ் வரை நடித்துக்காட்டுவார்.

ஒரு ஐப்பசி மழையில் ஒருத்தி வந்து சேரவில்லை. எட்டாம் மாசம் முடியட்டும் என்று இருந்திருக்கிறார்கள்; வலி முந்திக்கொண்டது. ஓடையில் வெள்ளம். கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தவர்கள் பஸ் ரோட்டுக்கு வந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. இசக்கியம்மாள்தான் வந்து சொன்னாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் அந்த வேடிக்கைப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு என் படிப்பு, அமைப்பு, யானை எல்லாவற்றின் மேலும் வெறுப்பாக வந்தது.

தை பிறந்தபின் ஒரு நாள் கதவு தட்டும் சத்தம். அப்பாதான் திறந்தார். மூட்டையை இறுக்கிப் பிடித்தபடி அந்த ஊர்ப் பெண் ஒருத்தி. வயிறு தெரியவே இல்லை.

"நாலு மாசந்தான் ஆவுது. பயமா இருந்துச்சு, வந்துட்டேன்" என்றாள்.

அப்பா மூட்டையை வாங்கிக்கொண்டார்.

"வா தாயீ. டிப்போ திறந்துதான் இருக்கு."