காலால் பார்க்க வேண்டிய தரை

"பளபளப்பா, சொரசொரப்பா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க சார்" என்று நான்காவது தடவையாகக் கேட்டார் டைல்ஸ் மேஸ்திரி.

கணக்கு வாத்தியார் இரண்டு கல்லையும் மாற்றி மாற்றித் தடவிப் பார்த்தார். மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது மனைவி, "சமையலறைத் தரைதானே? உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கல்யாணமான எவருக்கும் அதன் பொருள் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன் அவர் இஷ்டத்துக்கு வாங்கிய சோபாவைப் பற்றி வாரம் ஒரு முறையாவது இன்னும் பேச்சு வருகிறது. சோபாவையாவது மாற்றலாம். ஒட்டின தரையை என்ன செய்வது? அதுவும் முழங்கால் வலிக்காரி நிற்கப்போகிற தரை.

"தரையைக் கண்ணால பாக்கக் கூடாது சார், காலால பாக்கணும். நாளுக்கு ஒரு சாம்பிள் அடுப்பு முன்னாடி போட்டுத் தரேன். மேல நின்னு ஒரு வேளை சமைச்சுப் பாருங்க."

"நானா? எனக்கு வெந்நீர் வைக்கத்தான்யா தெரியும்!"

"அக்கா நிக்கப்போற இடம். அக்கா மாதிரி நின்னாத்தானே தெரியும்?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது.

முதல் நாள் பளபளப்புக் கல். சோறு பொங்கி வழிந்தது. கஞ்சியில் கால் வைத்தவர் ஃபிரிட்ஜ் வரை சறுக்கிப் போய், அதைக் கட்டிப்பிடித்துத் தப்பினார்.

"அப்போ சொரசொரப்பு போடுவோம்" என்றார் மேஸ்திரி.

அது வழுக்கவில்லை. ஆனால் கைதவறி விழுந்த முட்டையையும் விடவில்லை. பிரஷ்ஷும் கையுமாக ஒரு மணி நேரம் மண்டியிட்டுத் தேய்த்தார்.

மூன்றாம் நாள் மரப்பலகை. காலுக்கு சுகம்தான். வெங்காயம் நறுக்கிக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் குழாயை மூட மறந்தார். பலகை உப்பிக்கொண்டது.

நான்காம் நாள் மெத்தென்ற ரப்பர் விரிப்பு. சூடு தாங்காமல் சட்டியைச் சட்டென்று கீழே வைத்துவிட்டார். எடுத்தால் தரையும் கூடவே வந்தது.

"ஒண்ணும் சரிப்படலை மேஸ்திரி" என்று நாற்காலியில் சாய்ந்தார். கணுக்காலிலிருந்து இடுப்பு வரை விண்விண் என்று தெறித்தது. "நாலு நாளைக்கே எனக்கு இப்படி. முப்பது வருஷமா அவ எப்படி நின்னா? ஒரு நாளாவது கேட்டிருக்கேனா நான்?"

சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி தட்டை நீட்டி இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டார். அன்று சோறு குழையவில்லை. காயிலும் உப்பு அளவாகவே இருந்தது. நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு போனை எடுத்தார்.

"அக்கா, சார் நல்லாவே சமைக்கிறாரு. நீங்க போன மாசம் எடுத்து எங்கிட்ட குடுத்துவெச்ச கல்லை நாளைக்கே ஒட்டிடவா?"