ஓடாத காரின் நற்பெயர்

ஜெர்மனியில் ஒரு மனிதனின் யோக்கியதையை அளப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அவன் குப்பையை எந்த நிறத் தொட்டியில் போடுகிறான் என்று பார்ப்பது. மற்றது, அவனுடைய கார்க் காப்புறுதி எத்தனை வீதம் என்று கேட்பது. வுப்பர்டாலில் பதினெட்டு வருடமாகக் குடியிருக்கும் கணேசலிங்கம் இரண்டிலும் சித்தியடைந்தவர். பதினான்கு வருடம் ஒருவருடைய பக்கக் கண்ணாடியைக்கூட உரசாமல் கார் ஓட்டியதற்காகக் காப்புறுதிக் கம்பனி அவரிடம் முழுக் கட்டணம் கேட்பதில்லை. அதில் நாற்பது வீதத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறது. அப்படி எழுதியிருந்த கடிதத்தை அவர் மகளின் பிறப்புப் பத்திரம் இருந்த கோப்பிலேயே, அதற்கு மேலாக வைத்திருந்தார்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆவணி மாதம் அந்தக் கோப்புக்குச் சோதனை வந்தது. பதினெட்டு வயது மகள் கஜந்திக்கு, வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் தொழிற்பயிற்சிக்கு இடம் கிடைத்தது. காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அந்தப் பக்கம் போகும் முதல் பஸ்ஸோ ஆறு இருபதுக்குத்தான். முதல் ஆறு மாதமும் பரீட்சார்த்த காலம், பிந்திப் பிந்திப் போனால் இடம் போய்விடும். பிள்ளையிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தது. கணேசலிங்கம் தொங்குரயிலில் தொழிற்சாலைக்குப் போகிறவர், ஆகவே கார் வாசலில் சும்மா நின்றது. காப்புறுதியில் அவளுடைய பெயரையும் சேர்த்துவிட்டால் காரியம் முடிந்தது.

கணேசலிங்கம் சந்திப்புக்கு ரெர்மின் எடுத்து, சப்பாத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கம்பனிக் கிளைக்குப் போனார். அங்கிருந்த ஹோல்ஷர் அம்மையார் கஜந்தியின் பிறந்த திகதியைக் கணினியில் தட்டி, வந்த தொகையை ஒரு துண்டில் எழுதி நீட்டினார். அது காரின் விலையைவிட அதிகம்.

மகள் இன்றுவரை ஒரு விபத்தும் செய்யவில்லையே என்று கணேசலிங்கம் பணிவோடு எடுத்துச் சொன்னார். அம்மையார் அதை மறுக்கவில்லை. ஆனால் செய்யாமல் இருந்ததற்குப் பதிவு இல்லை என்றார். பதிவு வேண்டுமென்றால் சில வருடம் காப்புறுதியோடு கார் ஓடிக் காட்ட வேண்டும்.

“காப்புறுதி எடுக்கவே வசதி இல்லையென்றால்?”

“அப்படியானால் ஓட வேண்டாம்,” என்றார் அம்மையார் மிகுந்த அன்போடு. “ஓடாதவர்களால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை.”

கணேசலிங்கம் நேரே மகேந்திரராஜாவிடம் போனார். மகேந்திரராஜா நம்முடைய தமிழ் ஆட்களுக்குக் காப்புறுதி செய்து கொடுக்கிறவர். யாருக்காவது பிள்ளை பிறந்தால், தாய்மாமனுக்கு முன்னால் படிவத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்பார்.

“அண்ணைக்கு என்ன வேணும்?” என்று அவர் மடிக்கணினியைத் திறந்தார்.

“மலிவா ஒரு காப்புறுதி.”

“அது செய்யலாம்,” என்றார் மகேந்திரராஜா. யாருக்கு என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அந்த ஒரு கேள்வி அன்றைக்கு விடுபட்டது விடுபட்டதுதான்.

முதலில், கார் தெருவில் நிற்காமல் கராஜில் நின்றால் கட்டணத்தில் கழிவு உண்டு என்று தெரிய வந்தது. கணேசலிங்கம் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கராஜை வாடகைக்கு எடுத்தார், வீட்டிலிருந்து இருபத்தைந்து நிமிட நடை. வருடத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டருக்குக் குறைவாக ஓடினால் இன்னொரு கழிவு. அதற்காகத் தமிழ்க்கடைக்குக் காரில் போவதை நிறுத்தினார்கள், மனைவி சிவமலர் அரிசி மூட்டையைப் பஸ்ஸில் கொண்டுவந்தாள். ஒரேயொரு ஆள் மட்டும் ஓடினால் அதற்கும் கழிவு என்றதும், சிவமலரின் பெயரும் காப்புறுதியிலிருந்து கௌரவமாக நீக்கப்பட்டது. கணக்கு முப்பத்தொரு வீதத்துக்கு இறங்கியது. கணேசலிங்கத்தின் கண் கலங்கிவிட்டது.

“அப்பா, இது எனக்கெண்டுதானே துவங்கினது?” என்று கஜந்தி கேட்டாள்.

“பொறு பிள்ளை. இன்னும் ரெண்டு வீதம் இறங்கட்டும்.”

செய்தி ஊரெல்லாம் பரவியது. கராஜ் கிடைக்காத தகப்பன்மார் பக்கத்து நகரத்தில் எடுத்தார்கள். கலியாண வீடுகளில் ஆட்கள் ஒருவரையொருவர் சுகம் விசாரிப்பதை விட்டு வீதம் விசாரித்தார்கள். செல்வரட்ணம் தன் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கு எண்பத்தைந்து வீதம் என்று தெரிந்ததும், குடும்பத்தில் ஏதோ இருக்கிறது என்று சாதகத்தைத் திருப்பி அனுப்பினார்.

கஜந்தி மட்டும் நாள்தோறும் ஆறு நாற்பதுக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். முதலில் வாய்மொழியாக ஒரு எச்சரிக்கை, பிறகு கடிதத்தில் ஒன்று. மூன்றாவதாகக் கடிதம் வராது, பிள்ளைதான் வீட்டுக்கு வருவாள். அந்தக் கடிதத்தை அவள் தகப்பனிடம் காட்டினாள். அவர் வாசித்துவிட்டு, தாள் நல்ல தடிப்பு என்று சொல்லிக் கோப்பில் போட்டார். மனிதர் கெட்டவர் அல்ல. கோப்பில் போட்ட எதற்கும் தீர்வு கண்டாயிற்று என்று நம்பப் பழகியிருந்தார், அவ்வளவுதான்.

மறுநாளும் அவள் பிந்தினாள். நிறுவனத்தின் தலைவி கூப்பிட்டுக் காரணம் கேட்டாள். கஜந்தி கராஜையும் கிலோமீட்டரையும் முப்பத்தொரு வீதத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். தலைவிக்கு விளங்கவில்லை, இரண்டாம் தரம் சொல்லச் சொன்னாள். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு கார்ச் சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். நிறுவனத்துக் கார்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காப்புறுதி, அதில் யாருக்கு என்ன வயது என்று ஒருவரும் கேட்பதில்லை.

அன்று பின்னேரம், கணேசலிங்கத்தின் கார் முன்பு நின்ற அதே இடத்தில், கதவில் நிறுவனத்தின் பெயர் எழுதிய ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்து நின்றது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்க மண்டபத்தில் கணேசலிங்கத்தின் சிறப்புரை. தலைப்பு, ‘இளையோரும் விபத்தில்லா வாழ்வும்’. கொட்டும் மழை. அவருடைய காரோ அந்த வருடத்துக்குரிய தூரத்தை முடித்துவிட்டு மலைக்கு அந்தப் பக்கம் ஓய்வில் இருந்தது. பின்னேர வேலைக்குப் புறப்பட்ட கஜந்தி, ஏறுங்கோ அப்பா என்றாள்.

அவள் நன்றாக ஓட்டினாள். சரிவான தெருவில், ஈரத்தில், எதிரே வந்த லொறிக்கு ஒதுங்கி வழிவிட்ட பக்குவம் அவருக்குப் பதினான்கு வருடத்தில் வராதது. பெருமையாகவும் இருந்தது, அதைவிட வெட்கமாகவும் இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மண்டபத்துக்கு முந்திய மூலையில், “இதில நிப்பாட்டு பிள்ளை. நான் நடந்து போறன்,” என்றார்.

“மழையெல்லோ அப்பா.”

“பேச வந்தவர் பதினெட்டு வயசுப் பிள்ளை ஓட்டின காரில இறங்கினா ஆக்கள் என்ன சொல்லுவினம்?”

அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். அவர் குடையை விரிக்கும்போது பின்னால் ஒரு பீட்சாக் கடைக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் சங்கத்து ஜெயச்சந்திரனின் மகன், இறங்கியவர் ஜெயச்சந்திரன். அதற்குப் பின்னால் நின்ற மருந்துக்கடை வண்டியிலிருந்து செல்வரட்ணம் இறங்கினார், ஓட்டி வந்தது அவருடைய மகள். பிறகு ஒரு பூக்கடை வான். ஒருவரும் ஒருவரையும் எதுவும் கேட்கவில்லை. சங்க உறுப்பினர் எல்லோரும் வரிசையாக மழைக்குள் நடந்து போனார்கள்.

உரை பலத்த கரகோஷத்துடன் முடிந்தது. பிறகு எல்லோரும் அதே மூலைக்குத் திரும்பி வந்து, வேலை முடிந்து பிள்ளைகள் வரும்வரை காத்து நின்றார்கள். வீதம் குறைந்தவர் முன்னால், கூடியவர் பின்னால் என்ற ஒழுங்கு யாரும் சொல்லாமலே அமைந்தது.

ஒரு மணித்தியாலம் கழித்து வந்தது மகேந்திரராஜா. குடைக்குக் கீழே ஒரு கட்டுப் படிவம் வைத்திருந்தார். தெருமூலையில் காரை எதிர்பார்த்து நிற்பவர்களுக்கென்று ஒரு தனிக் காப்புறுதி இப்போது வந்திருக்கிறதாம்.

கணேசலிங்கம் நனைந்த கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, முதல் ஆளாகப் பேனையை வாங்கினார்.

“கனநேரம் நிண்டா,” என்று கேட்டார், “கழிவு ஏதும் உண்டோ?”