பாட்டைப் பாடவிடாத அப்பா

பாட்டுப் பாடுகிறவர்கள் ஓர் இனம். பாட்டுக் கேட்கிறவர்கள் இன்னோர் இனம். இந்த இரண்டுக்கும் நடுவில், இரண்டு தரப்புக்கும் இடைஞ்சலாக, மூன்றாவதாக ஓர் இனம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறது. பாட்டு ஆரம்பித்து நாலு நொடிகூட ஆகியிருக்காது, "இந்த இடத்தைக் கவனி" என்று கையைத் தூக்கும். நீங்கள் கவனிக்க முடியாது, அது பேசிக்கொண்டிருக்கிறதே! அந்த இடம் போனதும் "கேட்டியா?" என்று கேட்கும். எதைக் கேட்பது? அவரைத்தான் கேட்டோம்.

இவர்களை விளக்கர்கள் என்று அழைக்கலாம். இவர்களிடம் யாரும் விளக்குமாறு கேட்பதில்லை. சில வீடுகளில் எடுக்கிறார்கள்; அது வேறு விளக்குமாறு.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவர் இந்த இனத்தில் தாமதமாகச் சேர்ந்தவர். ஐம்பத்தாறு வயதுவரை நல்ல மனிதர். கிட்டப்பார்வை, தூரப்பார்வை தவிர வேறெதையும் யாருக்கும் விளக்கியதில்லை. முன்பக்கம் அவர் கண் பரிசோதிப்பார், பின்பக்கம் மனைவி மெஷினில் கண்ணாடி தேய்ப்பார், சாயங்காலம் இருவரும் கடையைப் பூட்டிக்கொண்டு பேசாமல் நடந்து வீட்டுக்குப் போவார்கள். அத்தனை சுகமாக இருந்த குடும்பம்.

ஒரு சனிக்கிழமை காலையில், ஒரு பெரிய அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை பார்க்கும் அவர்களுடைய மகள், சாப்பாட்டு மேசையில் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

"அப்பா, அம்மா, எனக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாம். எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. அது ஒரு பொண்ணு."

இந்த மூன்று வாக்கியத்தை அவள் குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒன்பது மாதமாகத் திருத்தித் திருத்தி வைத்திருந்தாள். கூச்சலுக்குத் தயாராக இருந்தாள், அழுகைக்குத் தயாராக இருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று கதவுக்குப் பின்னால் ஒரு பையைக்கூடக் கட்டி வைத்திருந்தாள்.

அம்மா மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு வேளா வேளைக்குச் சாப்பிடுமா?" என்று கேட்டார்.

"ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவாம்மா."

"அப்ப சரி" என்றார் அம்மா. ஆனால் கையை விடவில்லை. வெகுநேரம் விடவில்லை.

அப்பா தன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அவருக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது, பாசம் வந்தது, இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றதில் ஒன்றுமே வெளியே வரவில்லை. மகளிடம் என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. என்ன கேட்பதென்று தெரியாத மனிதன் என்ன செய்வான்? பேச ஆரம்பிப்பான்.

அன்றைக்கு மத்தியானம் செல்போனில் தேடிக்கொண்டு போனவர் ஒரு பேச்சுத் தொடரில் போய் விழுந்தார். தன்பாலீர்ப்பு உள்ள பாடகர்கள், திருநங்கைப் பாடகிகள், அவர்களுடைய பாட்டுகள் என்று பத்து வருஷத்துக்கு ஒரு பகுதியாக, நூறு வருஷத்துக் கதை. விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. மூன்றே வாரத்தில், பழைய சாமான் கடையிலிருந்து ஒரு ரெக்கார்டு பிளேயரும் ஒரு பெட்டி இசைத்தட்டும் கண்ணாடிக் கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து இறங்கின.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் கண் பரிசோதனை எப்படி நடந்தது தெரியுமா? "கீழ் வரிசையைப் படிங்க" என்பார். வந்தவர் படிக்க வாயைத் திறப்பதற்குள், கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு மதுக்கடை மேடையேறி, ஆம்பளைகள் வேண்டாமென்று அந்தக் காலத்திலேயே பாடிய பெண்களில் ஆரம்பித்து, இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்களே போட்டோவுக்கு ஒரு காதலியை ஏற்பாடு செய்து பக்கத்தில் நிறுத்திய அழகான இளைஞர்களைத் தாண்டி, வேறெங்கும் போக இடமில்லாதவர்கள் விடிய விடிய ஆடிய நடனக் கூடங்களுக்குள் புகுந்து, கண்ணுக்கு மையிட்டுக்கொண்டு கீபோர்டு வாசித்தவர்கள் எய்ட்ஸில் போன நண்பர்களை ஒவ்வொருவராகப் புதைத்த வருஷங்களில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, இப்போதைய பிள்ளைகள் அதையெல்லாம் முதல் வரியிலேயே சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும் இடத்துக்கு வந்து மூச்சு வாங்குவார். வந்தவர் இன்னும் கீழ் வரிசையில்தான் இருப்பார்.

"இவங்க எல்லாருக்கும் பொதுவா ஒரு சொல் இருக்கு சார். பால்புதுமையினர்."

"பால்ல என்னங்க புதுமை?" என்றார் ஒரு பெரியவர், கண் பார்க்கும் மெஷினின் தாங்கியில் மோவாயை வைத்தபடியே. "எங்க வீட்டுக்கு வர்ற பாலே முந்தாநாள் பால்."

பின்பக்கத்தில் மனைவிக்கு ஒரு வசதி இருந்தது. கணவர் "அந்தக் காலத்துல" என்று தொடங்கியதும் கண்ணாடி தேய்க்கும் மெஷினைப் போட்டுவிடுவார். அடுத்த மூன்று மாதத்தில் தேய்க்க வேண்டாத கண்ணாடிகள்கூடத் தேய்ந்தன.

பிறகு அவர் 'நீ' என்ற சொல்லைக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்துப் பாடகர்கள் அவன், அவள் என்று சொல்லாமல் தப்பிக்க 'நீ' என்றே பாடினார்கள் என்று எங்கோ கேட்டுவிட்டார். போயிற்று. ரேடியோவில் எந்தப் பாட்டு வந்தாலும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"பார்த்தியா, 'நீ வந்தாய்'ங்கறான். வந்தது யாரு? ஆணா, பெண்ணா? சொல்லல! ஏன் சொல்லல?"

"வந்தவங்களுக்குத் தெரியாதா யார் வந்ததுன்னு?" என்றார் மனைவி.

பற்பசை விளம்பரத்தில் 'உனக்காக' என்று வந்தபோதும் அவர் புருவத்தை உயர்த்தினார். அன்றைக்குத்தான் மனைவி மெஷினை நிறுத்திவிட்டு முன்பக்கம் வந்தார்.

"என்னங்க, ஒண்ணு கேக்கறேன். நம்ம பொண்ணு விரும்புற பொண்ணு என்ன வேலை பாக்குது?"

அவர் வாயைத் திறந்தார். எழுபதுகளில் கலைந்துபோன ஒரு குழுவில் மூன்றாவதாக டிரம் வாசித்தவர் யார் என்பது அவருக்குத் தெரியும். இது தெரியவில்லை.

"பேராவது?"

அதுவும் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு மனைவி மறுபடி மெஷினைப் போட்டார்.

வேறொருவராக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார். விளக்கர் இனத்துக்கு அந்த உறுப்பு கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நிகழ்ச்சி நிரல் தயாரித்தார். ரெக்கார்டு பிளேயர் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. இருபதுகள், முப்பதுகள் சாப்பாட்டுக்கு முன், ஐம்பதுகள் சாப்பாட்டோடு, எழுபதுகள் பழத்தோடு, எண்பதுகளுக்குக் கைக்குட்டை. மகள் அந்தத் தாளைப் பார்த்து, அச்சகத்துப் பழக்கத்தில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, அவ முதல் தடவையா நம்ம வீட்டுக்கு வர்றா. வரவே பயந்தா. தயவுசெஞ்சு சும்மா பேசிக்கிட்டிருக்கலாம்பா."

"நான் பேசாமலா இருக்கப் போறேன்?" என்றார் அப்பா.

அந்தப் பெண் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வந்தாள். ஒட்ட வெட்டிய முடி, முழங்கைவரை மடித்த சட்டை, கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. லிஃப்ட் மெக்கானிக். செருப்பைக் கழற்றி நேராக வைத்தாள், பிறகு இன்னும் நேராக வைத்தாள். அவள் மறுபடி குனிவதற்குள் அம்மா ஆரஞ்சை வாங்கிக்கொண்டு, தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்தார்.

மகள் ஆரம்பித்தாள். "நாங்க எப்படிப் பார்த்துக்கிட்டோம்னா, எங்க அச்சகத்துல ஒருநாள் லிஃப்ட்—"

"லிஃப்ட்டுனதும் ஞாபகம் வருது" என்றார் அப்பா. எப்படி ஞாபகம் வந்ததோ, முப்பதுகள் வந்துவிட்டன. முப்பதுகள் முடிந்ததும் மகள் மறுபடி "அந்த லிஃப்ட்டுல—" என்றாள். நாற்பதுகள் வந்தன. சாப்பாடு வந்தது. ஐம்பதுகளும் வந்தன. அந்தப் பெண் உண்மையாகவே இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டாள். அம்மாவின் முகத்தில் அத்தனை வாரங்களாக இல்லாத ஒரு நிம்மதி.

"உனக்கு எந்தக் காலத்துப் பாட்டும்மா பிடிக்கும்?" என்று கேட்டார் அப்பா. மூன்று மாதத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி.

அந்தப் பெண் மகளைப் பார்த்தாள். மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அங்கிள், தப்பா நினைக்காதீங்க. எனக்குப் பாட்டே அவ்வளவா பிடிக்காது."

மகள் ஒரு பெண்ணை விரும்புகிறாள் என்று கேட்டபோது வராத வியர்வை அப்போது வந்தது. அவர் மனைவியைப் பார்த்தார். என்ன சொல்லுது இந்தப் பொண்ணு? நல்ல குடும்பத்துப் பெண்தானா?

"நாள் பூரா லிஃப்ட்டுக்குள்ள இருக்கேன் அங்கிள். ஒரே ஒரு ட்யூன், ஒரு நிமிஷ ட்யூன், திரும்பத் திரும்ப ஓடும். எட்டு மணி நேரம். வீட்டுக்கு வந்தா எனக்கு ஃபேன் சத்தம்கூட வேண்டாம்."

"இது மட்டும் கேளு" என்றார் அவர், கெஞ்சுகிற குரலில். "இது ஒண்ணே ஒண்ணு. இதுக்கப்புறம் நீயே மாறிடுவ."

பெட்டியிலிருந்து தன் பொக்கிஷத்தை எடுத்தார். உறை போய், நடுவிலிருந்த காகிதத்தில் பாதி கிழிந்து, பாடியவர் பெயரும் அழிந்துபோன ஒரு பெரிய தட்டு. முள்ளை வைத்தார். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு கனத்த ஆண் குரல், ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்து முனகியது.

"கேளு. என்ன சோகம் பாரு! பாடறது ஒரு ஆம்பளை. மனசுல இருக்கறது இன்னொரு ஆம்பளை. ஆனா 'அவள்'னு பாடறான். கம்பெனிக்காரன் மாத்தச் சொல்லிட்டான்! 'அவள்'ங்கற இடத்துல குரல் எப்படிப் புதையுது பாரு. வாழ்நாள் பூரா மறைச்சு வச்ச வேதனை. இதோ, நாற்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு, அது அவன் வயசு. நாற்பத்தஞ்சு வயசுவரைக்கும் சொல்ல முடியாம—"

அந்தப் பெண் எழுந்தாள். ஓடும் லிஃப்ட்டுக்குக் காது கொடுப்பதுபோலத் தலையைச் சாய்த்தாள். பிளேயருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து தட்டைப் படித்தாள். பக்கவாட்டிலிருந்த சின்னத் திருகைப் படித்தாள்.

"அங்கிள், இது வயசு இல்ல. வேகம். நிமிஷத்துக்கு நாற்பத்தஞ்சு சுத்து சுத்தணும். நீங்க முப்பத்து மூணுல வச்சிருக்கீங்க."

ஊரில் பாதிப் பேரைச் சின்ன எழுத்துப் படிக்க வைத்த மனிதர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். அதற்குள் அவள் திருகைத் திருப்பிவிட்டாள்.

கிணற்றிலிருந்து ஆள் துள்ளி வெளியே வந்தாற்போல இருந்தது. ஆள் ஆணே இல்லை. ஓர் இளம் பெண். சோகமும் இல்லை. மேளம் குதித்தது, பின்னால் நாலு பேர் கைதட்டினார்கள், அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பாடினாள்: அவள் வாசலில் வந்து நிற்கிறாள், அவள் தந்த செருப்பு காலைக் கடிக்கிறது, ஆனாலும் அவளோடு ஆடுவேன். அவள், அவள், அவள். மறைப்பு ஒன்றுமில்லை. மறைக்கத் தோன்றியதாகவே தெரியவில்லை. ஊருக்கே கேட்கும்படி உரக்கப் பாடிக்கொண்டிருந்தாள்.

முதலில் சிரித்தது அம்மா. அந்தச் சிரிப்பை அந்த வீடு பல வருஷங்களாகக் கேட்டதில்லை. மகள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாது, இரண்டும்தான். பாட்டுப் பிடிக்காத பெண்ணின் வலது கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை. மகள் கவனித்தாள்.

அப்பா? நின்றுகொண்டிருந்தார். மூன்று மாதமாக வாடிக்கையாளர்களிடம் அவர் அழுதழுது சொன்ன அத்தனையும் ஒரு திருகில் திரும்பிவிட்டது. அவர் அந்தப் பாட்டில் துக்கத்தை மட்டுமே எதிர்பார்த்திருந்தார். மகள் செய்தி சொன்ன அன்றைக்கு அவரைப் பிடித்த பயமும் அதுதான்: பொண்ணு சந்தோஷமா இருக்குமா? இப்போது எதிரில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு மூன்றரை நிமிஷம். அவர் வாயே திறக்கவில்லை.

முடிந்ததும் நாற்காலியை மகளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அந்த லிஃப்ட்டு... என்னமோ சொல்ல வந்தியே?"

மகள் சொன்னாள். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது, பயந்து கத்தியது, மேலேயிருந்து ஒரு குரல், "உள்ளே அந்த ட்யூன் ஓடுதா?" என்று கேட்டது. ஓடுது என்றாளாம். "ஐயோ பாவம், முதல்ல அதை நிறுத்தறேன், அப்புறம் லிஃப்ட்டைப் பார்க்கலாம்" என்றதாம் அந்தக் குரல். நிறுத்திவிட்டு, வெளியே கொண்டுவர நாற்பது நிமிஷமானது. நாற்பது நிமிஷமும் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பத்து நிமிஷ வேலைதான் அங்கிள்" என்றாள் அந்தப் பெண், காது சிவக்க.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தானாகவே வந்தாள். அம்மா ஐந்து ஆளுக்குச் சமைத்தார்.

அப்பா திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனம் திருந்துமா? திங்கட்கிழமை முதல் ஆள் மோவாயைத் தாங்கியில் வைத்ததுமே, "சார், நாற்பத்தஞ்சுக்கும் முப்பத்து மூணுக்கும் என்ன வித்தியாசம் தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டார். பின்பக்கத்தில் மெஷின் ஓடத் தொடங்கியது.

நல்லவேளை, நமக்கு அந்த வியாதி இல்லை என்று நீங்கள் மூச்சு விடுவது கேட்கிறது. இருக்கட்டும். இதைப் பக்கத்திலிருப்பவரிடம் படிக்கக் கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அவர் பாதியில் எங்கேயாவது சிரித்தால், "எந்த இடம்? அந்த இடமா? அதுல என்ன விஷயம்னா..." என்று யாரோ ஆரம்பிப்பார்கள். அந்த அறையில் நீங்கள் இரண்டு பேர்தான் இருப்பீர்கள்.