கதவு எண் வாங்கிய வேன்

கல்வராயன் மலையில் அருவி விழலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் விழுகிற அருவியைப் படம் பிடிக்க வேண்டுமானால், பிடிப்பவர் ‘முறையான வெளியூர்ப் பயணி’ என்று வெள்ளிமலையில் உள்ள மலைக்காட்சிப் பிரிவு அனுமதி வழங்கியாக வேண்டும். சட்டம் என்றால் சட்டம்தான்.

இது தெரியாமல் மலையேறி வந்தவன் ஜீவா. தொழில் ஊர் சுற்றுவது. முன்பெல்லாம் ஊர் சுற்றினால் வீட்டில் திட்டுவார்கள். இப்போது லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள். பழைய ஆம்னி வேனில் பின் சீட்டைக் கழற்றி மெத்தை போட்டு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை கட்டி, பக்கவாட்டில் ‘முகவரி இல்லாதவன்’ என்று பெரிதாக எழுதி வைத்திருந்தான்.

“வணக்கம் மக்களே! எனக்குக் கூரை வானம், தரை பூமி, சொந்தம் காத்து!” என்று கேமராவைப் பார்த்துக் கையை விரிப்பான். விரித்த கையை மடக்குவதற்குள் எலவனாசூர்கோட்டையிலிருந்து அம்மா ஜெயம்மாள் போன் போட்டுவிடுவாள்.

“டேய், அழுக்குத் துணிய மூட்ட கட்டி வச்சிக்கினியா? ஞாயித்துக்கெழம எடுத்தாந்துரு. கொழம்பு இன்னா வக்கட்டும்?”

“கருவாட்டுக் கொழம்பும்மா,” என்று காற்றின் சொந்தக்காரன் ரகசியமாகச் சொல்வான்.

இந்த முறை அவனுக்கு வேண்டியது கொக்குப்பாறை அருவி. மழை ஓய்கிற இந்தச் சில நாட்களில்தான் அது முழு அகலத்துக்கு விழும். வெயில் ஏறினால் தெருக்குழாய் மாதிரி ஆகிவிடும். ‘மனித வாடையே படாத அருவியைக் காட்டுகிறேன்’ என்று மக்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். காட்டாவிட்டால் மக்கள் வேறொரு வேனைப் பின்தொடரப் போய்விடுவார்கள். அருவிப் பாதையில் இருந்த காவலரோ, கேமராவைப் பார்த்ததும் கையைக் குறுக்கே நீட்டி வெள்ளிமலைக்கு வழி காட்டினார்.

மலைக்காட்சிப் பிரிவின் மேற்பார்வையாளர் நாராயணசாமி நல்ல மனிதர். யாரையும் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பியதில்லை.

“முகவரி சொல்லுங்க தம்பி.”

“முகவரி இல்லைங்க சார்.”

“அதெப்படி? அப்பா அம்மா எங்க இருக்காங்க?”

எலவனாசூர்கோட்டை என்று சொல்லியிருந்தால் கதை இந்த இடத்தில் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் ஜீவாவின் சட்டைப் பையில் போன் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. மக்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

“எனக்கு எந்த ஊரும் இல்ல சார். நான் வேன்லதான் வாழறேன்!”

“வாழறதுன்னா? தூக்கம்?”

“வேன்ல.”

“சமையலு?”

“வேன்ல.”

“அப்போ அது வண்டியில்லீங்க தம்பி, வூடு,” என்று எழுந்தார் நாராயணசாமி.

வெளியே வந்து வேனை வலமாக ஒருமுறை சுற்றினார். பிறகு அதன் கதவைத் தட்டி, “உள்ள யாருங்க?” என்று குரல் கொடுத்தார்.

“நான் இங்க நிக்கிறேனே சார்.”

“இருக்கட்டும். ஒரு வூட்டுக்கு வந்தா கூப்புடாம நுழையறது மரியாத இல்ல.”

மறுமொழி வராததால், வீடு பூட்டியிருக்கவில்லை என்றும் குடியிருப்பவர் வாசலில் இருக்கிறார் என்றும் முடிவு செய்து, வேனின் கதவில் நீலப் பெயின்டால் கதவு எண் எழுதவைத்தார். எதிரே டீக்கடை போட்டிருக்கும் ஈச்சங்காட்டுப் பாப்பாத்தி, ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

“இன்னா சார் இது! எங்க மாமியா கல்யாணங்கட்டி வந்த காலத்துலேந்து எங்க வூட்டுக்கு நம்பரு கேட்டுக்கினு இருக்கறோம். நேத்து வந்த வேனுக்கு எழுதிக்கினு இருக்கீங்க?”

“உங்க வூடு நிக்கறது காடா, ஊரான்னு ஆய்வு நடந்துக்கினு இருக்குதும்மா. வேன் நெலத்தத் தொடல. டயருதான் தொடுது. அதனால நெலத் தகராறு வராது.”

பாப்பாத்தி வேனின் அருகே போனாள். குனிந்து டயரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“ரொம்ப நன்றிங்க சார். இப்போ அனுமதி?” என்றான் ஜீவா.

“எதுக்கு?”

“அருவியப் படம் புடிக்க.”

நாராயணசாமி வாஞ்சையோடு அவன் தோளைத் தட்டினார். “அது வெளியூர்க்காரங்களுக்கு. நீங்கதான் இப்போ உள்ளூரு ஆயிட்டீங்களே. தெனமும் பாக்கற அருவிய எதுக்குப் படம் புடிக்கணும்?”

“நான் இன்னும் ஒருதடவகூடப் பாக்கல சார்!”

“இனிமே தெனமும் பாப்பீங்க.”

“அப்போ கள்ளக்குறிச்சிக்கு எறங்கிட்டுத் திரும்பி வரேன். வெளியூர்லேந்து வந்ததா ஆயிடும்.”

“எதுல எறங்குவீங்க?”

“வேன்ல.”

“அப்போ வூட்டுலயேதான இருக்கீங்க.”

“பஸ்ல போறேன் சார்!”

“பின்னாடியே யாராச்சும் வூட்ட ஓட்டியாந்துட்டா? வூடு அசையாம ஒரு எடத்துல நின்னாத்தான் தம்பி, மனுசன் அத வுட்டுப் போனதா அர்த்தம்.”

ஜீவா போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது. அருவிப் பக்கமிருந்து வந்த ஜீப்காரர்களைத் தண்ணீர் எப்படி என்று விசாரித்தால், முதல் நாள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்கள்; மறுநாள் ஒரு கையை மடக்கிக்கொண்டார்கள்.

“தம்பி, வூடு அசையக் கூடாது, அவ்ளோதான?” என்றாள் பாப்பாத்தி.

“ஆமாக்கா.”

“நாலு டயரையும் கழட்டி எங்கிட்ட குடுத்துடுங்க. உங்க வூடு அசையாது. எங்க வூடு நெலத்தத் தொடாது.”

ஜீவா அவளையும் அருவிப் பக்கத்து மேகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஜாக்கியைத் தேடினான்.

வேன் நான்கு கல்லின் மேல் ஏறி உட்கார்ந்தது. டயர்கள் ஈச்சங்காட்டுக்குப் போய், பாப்பாத்தி வீட்டின் நான்கு மூலையிலும் பாதி புதைந்து, சுவரோடு சேர்த்து மண் பூசப்பட்டன. நாராயணசாமி நேரில் வந்து முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு டயரையும் கட்டைவிரலால் அமுக்கினார்.

“காத்து கம்மியா இருக்குது. மத்தபடி சரியா இருக்குதும்மா,” என்று அன்றே கதவு எண் வழங்கினார். ஜீவாவும் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கித் திரும்பி வந்து, வெளியூர்க்காரனாக அனுமதி வாங்கிக்கொண்டான்.

அருவி இன்னும் விழுந்துகொண்டுதான் இருந்தது. பாறையில் மோதித் தெறித்த சாரல், வெயில் பட்டதும் குழந்தைகள் ஊதிவிட்ட சோப்புக் குமிழ் மாதிரி நிறம் நிறமாய் மிதந்தது. ஜீவா தொப்பலாக நனைந்தான், வழுக்கி விழுந்தான், தனக்குத் தானே கத்திச் சிரித்தான், எழுந்து படம் எடுத்தான். உண்மையிலேயே நல்ல படம். ‘மனித வாடையே படாத இடம்’ என்று தலைப்பிட்டு ஏற்றினான். குளித்துத் தலை துவட்டுவதற்குள் லட்சம் பேரும் ஒரே குரலில், “அண்ணா, லொகேஷன்?” என்றார்கள்.

ஜீவா தாராள மனசுக்காரன். சொல்லிவிட்டான்.

மறு வாரமே வேன்கள் வரிசை கட்டி மலையேறின. எல்லா ஜன்னலிலும் பூப்போட்ட திரை. எல்லோருக்கும் முகவரி இல்லை. ஈச்சங்காட்டு ஜனங்கள் சாலை முனையிலேயே ஸ்பேனரோடு நின்று அன்போடு வரவேற்றார்கள். வேன்கள் கல்லில் ஏற ஏற, வீடுகள் டயரில் ஏறின. நாராயணசாமிக்கு ஓய்வேயில்லை. அமுக்கி அமுக்கி அவர் கட்டைவிரல் வீங்கிவிட்டது.

அருவியடியில் கால் வைக்க இடமில்லை. “பிரதர், கொஞ்சம் தள்ளுங்க, ஆள் நடமாட்டமே இல்லாத மாதிரி எடுக்கணும்!” என்று இவன் கத்த, “நான் ரெண்டு மணி நேரமா தனிமைக்காகக் காத்துக்கினு இருக்கறேன், நீ தள்ளு!” என்று அவன் கத்தினான்.

ஜீவாவுக்குப் பொறுக்கவில்லை. என் அருவி! கல்லில் நிற்கிற வேனை ஓட்டிக்கொண்டு வேறு மலைக்கும் போக முடியாது. நேரே நாராயணசாமியிடம் போனான்.

“சார், கண்ட கண்ட வெளியூர் வண்டியெல்லாம் வந்து நம்ம மலையக் கெடுக்குது. எல்லாத்தையும் எடுக்கச் சொல்லுங்க.”

“புகார் குடுக்கறவரு எவ்ளோ நாளா இங்க குடியிருக்கீங்க?”

ஜீவா கண்ணிமைக்காமல் சொன்னான்: “பரம்பரையா சார்.”

நாராயணசாமி நெகிழ்ந்துபோனார். மலையிலுள்ள வண்டிகள் அனைத்தும் உடனடியாக அப்புறப்படுத்தப்பட வேண்டும் என்று ஆணையிட்டு, தாமே வண்டி தேடிக் கிளம்பினார். வேன் வேனாகக் குனிந்து பார்த்தார். ஒன்றிலும் டயர் இல்லை. கதவு எண் இருந்தது. எல்லாம் வீடு. நிமிர்ந்து பார்த்தார். எதிர்ச் சரிவில், ஈச்சங்காடு முழுக்க டயர்.

“அம்மா, வண்டிய எடுங்க,” என்றார் பாப்பாத்தியிடம்.

ஜீவா குறுக்கே ஓடிவந்தான். “சார், நான் சொன்னது அது இல்ல...”

பாப்பாத்தி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாராயணசாமியிடம் திரும்பினாள்.

“எடுத்துடறோங்க சார். ஆபீசரு பேச்ச மீறற ஆளுங்களா நாங்க? ஸ்டார்ட்டுதான் ஆவ மாட்டேங்குது. எல்லாரும் எறங்கிக் கொஞ்சம் தள்ளி வுடுங்க.”

கோரிக்கை நியாயமானது. நாராயணசாமி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மண்சுவரில் தோளைக் கொடுத்தார். புகார் தன்னுடையது என்பதால் ஜீவாவும் கொடுத்தான். வேன்காரர்கள், இது அருவியைவிட நன்றாக ஓடும் என்று கண்டுகொண்டு, கேமராவைக் கல்லில் சாய்த்து வைத்துவிட்டு ஓடிவந்து முட்டுக் கொடுத்தார்கள். ஈச்சங்காட்டு ஜனங்கள் நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தார்கள். வாசற்படியில் ஏறி நின்ற பாப்பாத்தி சுவரைத் தட்டினாள்.

“போலாம் ரைட்! தம் கட்டுங்க சார்! தம்பி, பரம்பரையா இருக்கறவரு இவ்ளோதானா தள்றது?”

வீடு இன்னும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆள் பற்றவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நீங்களும் கட்டாயம் வருவீர்கள், தெரியும். வரும்போது கொஞ்சம் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். எல்லாம் படத்தில் விழும்.