அடிக்காய் மாமாவின் திங்கட்கிழமைச் சோதனை

போடி பஜாரில் அடிக்காய் மாமாவின் சந்தேகத்துக்குத் தப்பியவர் ஒருவர்தான், இயேசு கிறிஸ்து. அவருடைய சீடர்களில்கூட இரண்டொருவர் மேல் மாமாவுக்கு வருத்தம் உண்டு.

மாமா ஏலக்காய் வியாபாரி, எங்கள் பக்கத்து வீடு. மூட்டையின் மேலே பச்சைப்பசேலென்று கிடக்கும் காயைத் திரும்பியும் பார்க்க மாட்டார். கையைத் தோள்வரை உள்ளே விட்டு, அடியில் கிடப்பதை அள்ளி, பிதுக்கி, மோந்து, ஈரத்துணியில் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் விலை பேசுவார். பெயர் வந்தது அப்படித்தான். கல்யாண வீட்டுப் பிரியாணியையும் அண்டாவின் அடியிலிருந்து எடுக்கச் சொல்லுவார். மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையை விடியற்காலையில், அவர் பல் விளக்குமுன் போய்ப் பார்த்தவர்.

சபையிலும் இதே கதைதான். புதிதாக எந்தப் பிரசங்கியார் வந்தாலும் முன்வரிசையில் பைபிளை விரித்து வைத்துக்கொண்டு, பிரசங்கத்தின் நடுவிலேயே, "ஐயா, இது எங்கன இருக்கு? அதிகாரம் சொல்லுங்க" என்பார். அதோடும் விடமாட்டார். திங்கட்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய் அவர் கதவைத் தட்டுவார்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் மேல்காய்தாண்டா. திங்கக்கிழமைதான் அடியில கிடக்கிறது தெரியும்."

ஒரு போதகர் பனியனோடு உட்கார்ந்து மனைவிக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பதைப் பார்த்துவிட்டு வந்து, "நல்ல சரக்கு, வச்சுக்கலாம்" என்று சபைக்கே அறிவித்தார்.

ஒருமுறை குமுளிப் பக்கமிருந்து ஓர் இளம் சுவிசேஷகர் எழுப்புதல் கூட்டத்துக்கு வந்தார். கல்லும் கரையும் குரல். கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை, மாத்திரையை நம்புகிறவன் தேவனை நம்பவில்லை என்று சொல்லி அழுதார். கூட்டமே அழுதது. என் அக்காவும் அழுதாள்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரை தவறாமல் போட்டதால் பல வருஷமாக அது எட்டிப் பார்க்கவில்லை. நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அவள் வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டைகளை அள்ளிக் குப்பை வண்டியில் போட்டாள். கெஞ்சினேன். "உனக்கு விசுவாசம் பத்தலடா" என்று எனக்காக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டாள்.

விடிந்ததும் மாமாவிடம் ஓடினேன். அவர் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"வா. அந்த ஆளு பெட்டியைத் திறந்தா மருந்துக்கடையே இருக்கும், பாரு."

லாட்ஜ் அறையில் சுவிசேஷகர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெடவெடவென்று நடுங்கிக் கிடந்தார். மாமா கேட்டது, "தம்பி, பெட்டியைத் திறந்து பார்க்கலாமா?" அவர் தலையசைத்தார். பெட்டியில் இரண்டு சட்டை, ஒரு வேட்டி. மாமா தலையணையைத் தூக்கிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்தார். ஒரு தலைவலி மாத்திரைகூட இல்லை. அவர் முகத்தில் அப்படி ஓர் ஏமாற்றத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"எப்ப இருந்து காய்ச்சல்?"

"கூட்டம் தொடங்குனப்பவே."

"மாத்திரை?"

"ஊருக்குச் சொல்லிட்டு நான் எப்படிப் போடுறது ஐயா?"

மாமா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஏலே, இவன் களவாணி இல்லடா. களவாணின்னா சுலபம், பஸ் ஏத்தி விட்டிருப்பேன்." பிறகு அவர் பக்கம் திரும்பினார். "நீங்க சாயம் போட்ட காய் இல்ல தம்பி. விளையிறதுக்கு முன்னால பறிச்ச காய். மாத்திரை போடக் கூடாதுன்னு எங்கன இருக்கு? அதிகாரம் சொல்லுங்க."

காய்ச்சலிலும் அவர் நேர்மையாக யோசித்தார். "இல்ல ஐயா."

"லூக்கா என்ன வேலை பார்த்தாக?"

"வைத்தியர்."

"அவுக எழுதுன சுவிசேஷம் மட்டும் வேணும், அவுக தொழில் குப்பைக்குப் போகணுமாக்கும்."

ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஊசி, குளுக்கோஸ் எல்லாம் ஏறி முடிந்ததும், அக்காவின் மாத்திரையையும் வாங்கிக்கொண்டு அவரை நேராக எங்கள் வீட்டுக்கு நடத்தி வந்தார் மாமா. கையில் பிளாஸ்திரியோடு அவர் அக்காவின் முன்னால் நின்றார்.

"அக்கா, நான் சொன்னது தப்பு. தெரியாமச் சொல்லிட்டேன். மாத்திரையைப் போடுங்க."

மறுபடி அழுதார். இந்த முறை சேர்ந்து அழ ஆளில்லை. அக்கா அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள். விழுங்கினாள். எனக்குப் போன உயிர் வந்தது.

மாமாவுக்கு வரவில்லை. "வாயைத் திற."

"முழுங்கிட்டேன் மாமா."

"நாக்கைத் தூக்கு ஆத்தா." செல்போன் விளக்கை அடித்துப் பார்த்த பிறகுதான் கிளம்பினார்.

அன்றிலிருந்து தினமும் கடைக்குப் போகும் வழியில் எங்கள் வாசலில் நிற்பார். அக்கா வந்து வாயைத் திறந்து காட்டுவாள். அவர் தலையாட்டிவிட்டுப் போவார்.

போன மழைக்காலத்தில் மாமா போய்விட்டார். அடக்க ஆராதனைக்கு அந்தச் சுவிசேஷகரே வந்து செய்தி கொடுத்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அதிகாரமும் வசனமும் சொன்னார்.

இன்றும் மாத்திரையை விழுங்கியதும் அக்கா வாசலுக்கு வந்து, வெறும் தெருவைப் பார்த்து வாயைத் திறக்கிறாள்.